நகல் எடுத்தவர், ஒப்பிட்டவர்

அரசு அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கியவர்கள் கவனித்திருப்பீர்கள். கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு கையெழுத்துகள் இருக்கும். ‘நகல் எடுத்தவர்’ என்று ஒன்று, ‘ஒப்பிட்டவர்’ என்று இன்னொன்று. இரண்டும் வேறு வேறு வேலை. எழுதியவரே ஒப்பிட்டால் தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. பாக்டீரியாக்களின் புரதங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதை எதற்குச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இன்று உயிரியல் பதிவேடுகளில் முதல் கையெழுத்து கோடிக்கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது. இது சரியில்லை என்பது என் கட்சி.

எனக்கு அறிவியல் பட்டம் கிடையாது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பணிக்காலம் முழுவதும் கோப்புகளோடு போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு, பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எழுதியவற்றைப் படிக்கத் தொடங்கி, அதில் பிடித்த பைத்தியம் இது. ஆகவே ஆய்வாளனாகப் பேசவில்லை. பதிவேடு என்றால் என்ன என்று தெரிந்தவனாகப் பேசுகிறேன்.

முதலில் நிலவரம். 1995இல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸே என்ற பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து முடித்தார்கள். தனித்து வாழக்கூடிய ஓர் உயிரின் டி.என்.ஏ. எழுத்துகள் முதலிலிருந்து கடைசிவரை படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. சுமார் 18 லட்சத்து 30 ஆயிரம் எழுத்துகள். 1997இல் ஈ. கோலை வந்தது. 46 லட்சத்து 39 ஆயிரம் எழுத்துகள். புரதம் செய்யும் மரபணுக்கள் 4,288. உலகத்து ஆய்வுக்கூடங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்டு வந்த பாக்டீரியா இது. அதைப்போல நன்றாகத் தெரிந்த உயிர் வேறொன்று கிடையாது. அதிலேயே 38 சதவீத மரபணுக்களுக்கு எதிரே ‘செயல் தெரியாது’ என்று எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு கணக்கு இதைவிட வியப்பானது. 2016இல் அமெரிக்காவில் கிரெய்க் வென்டர் குழுவினர், உயிர் வாழத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிட்ட ஒரு செல்லைச் செய்து காட்டினார்கள். அதில் இருந்தவை 473 மரபணுக்கள். ஒவ்வொன்றும் தேவைப்பட்டது, எடுத்தால் செல் சாகும், அல்லது சரியாக வளராது. அந்த 473இல் 149 மரபணுக்கள் என்ன வேலை செய்கின்றன என்று அவற்றை அடுக்கியவர்களுக்கே தெரியவில்லை. ஓர் அலுவலகத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது, ஆனால் யாரை நிறுத்தினாலும் அலுவலகம் முடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலை.

இவர்களின் வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு புரதமாகப் பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் போட்டுப் பார்ப்பது பழைய வழி. ஒரு புரதத்துக்கே ஒரு மாணவரின் ஆராய்ச்சிக்காலம் போய்விடும். என்ன வினை செய்யும் என்ற ஊகமே இல்லாமல் எதைச் சேர்த்துச் சோதிப்பது? இங்கேதான் ஒப்பிடுதல் வருகிறது. ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேலையை ஊகிக்கும் முறை. ஒப்பீட்டு மரபணுவியல் என்று பெயர். நான்கு விதமாக ஒப்பிடுகிறார்கள். நான்கும் ஒரு குமாஸ்தாவுக்குப் புதியவை அல்ல.

முதலாவது, எழுத்து ஒற்றுமை. புதுச்சேரியின் பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவேட்டில் முத்து என்ற பெயரை எம், ஓ, யு, டி, டி, ஓ, யு என்று எழுதியிருப்பார்கள். பிற்கால ஆங்கிலப் பதிவேட்டில் அதே ஆள் எம், யு, டி, ஹெச், யு. பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒரே பெயர் என்று தெரியும். புரதங்களும் அப்படித்தான். இருபது வகை அமினோ அமிலங்களால் எழுதப்பட்ட நீண்ட சொற்கள் அவை. கோடிக்கணக்கான ஆண்டுகளில் எழுத்துகள் அங்கங்கே மாறியிருக்கும். மூலம் ஒன்று என்பது தெரியும். 1990இல் வந்த பிளாஸ்ட் என்ற கணினி நிரல் இந்தத் தேடலை வேகமாகச் செய்கிறது. வேலை தெரிந்த ஒரு புரதத்தோடு புதிய புரதம் ஒத்துப்போனால், அதே வேலையாக இருக்கலாம் என்று குறிக்கிறார்கள்.

ஆனால் ஒரே கிராமத்தில் இரண்டு முத்துசாமிகள் இருப்பார்கள். பெயரை மட்டும் வைத்துப் பட்டா கொடுத்தால் வழக்கில்தான் முடியும். அதனால்தான் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுகிறோம். வடக்கே யார் நிலம், தெற்கே எந்த வாய்க்கால், கிழக்கே, மேற்கே என்று நான்கெல்லை சொன்ன பிறகுதான் அது இன்ன நிலம் என்று உறுதிப்படும். இரண்டாவது வழி இதுவே.

பாக்டீரியாக்களில் ஒரே காரியத்துக்கான மரபணுக்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து அமைந்திருக்கும். அந்த அமைப்புக்கு ஓப்பெரான் என்று பெயர் வைத்தவர்கள் பாஸ்தர் நிறுவனத்தின் பிரான்சுவா ழாக்கோப், ழாக் மொனோ ஆகியோர். 1960இல் பிரெஞ்சில் ஒரு சிறு குறிப்பாகத்தான் அது முதலில் வெளிவந்தது. 1965இல் அவர்கள் இருவருக்கும் ஆந்திரே ல்வோஃபுக்குமாக நோபல் பரிசு கிடைத்தபோது நான் பள்ளி மாணவன். ஓப்பெரான் என்ற சொல்லின் பயன் முப்பது நாற்பது ஆண்டு கழித்து இப்படிப் பெருகும் என்று அன்று யார் கண்டார்கள்? வேலை தெரியாத ஒரு மரபணு, பல தூரத்து உறவான பாக்டீரியாக்களிலும் ஒரே கூட்டாளிகளின் பக்கத்தில் விடாமல் இருக்கிறது என்றால், அது தற்செயல் அல்ல. அந்தக் கூட்டாளிகளின் காரியத்தில் அதற்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, வருகைப் பதிவேடு. எந்தெந்த பாக்டீரியாவில் இந்த மரபணு இருக்கிறது, எதில் இல்லை என்று வரிசையாகக் குறித்துக்கொள்வது. இரண்டு மரபணுக்கள் எப்போதும் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே விடுப்பில் போகின்றன என்றால் அவை ஒரே வேலையின் இரு கைகள். நான்காவது, இணைந்த பதவி. பெரிய அலுவலகத்தில் காசாளர் ஒருவர், கணக்கர் ஒருவர். சின்ன அலுவலகத்தில் இரண்டையும் ஒருவரே பார்ப்பார். அதைப்போல ஓர் உயிரில் தனித்தனியாக இருக்கும் இரண்டு புரதங்கள், வேறோர் உயிரில் ஒட்டி ஒரே புரதமாக இருக்கும். அதைக் கண்டால், தனித்தனியாக இருக்கும் இடத்திலும் அவை கூடி வேலை செய்பவை என்று ஊகிக்கலாம். 1999இல் இதை விவரித்தவர்கள் இதற்கு ரொசெட்டா கல் முறை என்று பெயர் வைத்தார்கள். எகிப்திய எழுத்தைப் படிக்க ஷாம்பொலியோனுக்கு உதவிய கல்லின் பெயர்.

இவை வெறும் கணினி விளையாட்டா என்று ஐயப்படுபவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். கியூவோசின் என்று ஒரு பொருள். செல்லில் புரதம் செய்யும்போது அமினோ அமிலங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் டி.ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளில் நான்கு வகைகளில் மட்டும் இது காணப்படுகிறது. மரபணுவின் சொல்லைப் படிக்கும் இடத்திலேயே இது உட்கார்ந்திருக்கிறது. நம் உடலிலும் உண்டு. ஆனால் அதற்கான மூலப்பொருளைச் செய்ய நமக்குத் தெரியாது. உணவிலிருந்தும் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்தும் வாங்கிக்கொள்கிறோம். பாக்டீரியா அதை எப்படிச் செய்கிறது என்பதில் கடைசிக் கட்டங்கள் தெரிந்திருந்தன. தொடக்கக் கட்டங்களைச் செய்யும் மரபணுக்கள் எவை என்று நெடுங்காலம் தெரியவில்லை.

2004இல் வலெரி த கிரெசி-லகார்தும் அவருடைய கூட்டாளிகளும் அதை ஒப்பிட்டே கண்டுபிடித்தார்கள். கியூவோசின் செய்யும் பாக்டீரியாக்களில் இருப்பவை, செய்யாதவற்றில் இல்லாதவை எவை என்று பார்த்தார்கள். பசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவில் நான்கு மரபணுக்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. ஊகம் கிடைத்துவிட்டது. அத்தோடு கட்டுரை எழுதிவிடவில்லை. அசினெட்டோபாக்டர் என்ற வேறொரு பாக்டீரியாவில் அந்த நான்குக்கும் இணையானவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கியூவோசின் மறைந்தது. பசில்லஸின் வரிசையை, நீக்கப்பட்டவற்றில் இரண்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். கியூவோசின் திரும்பி வந்தது. கணினியில் ஒப்பிட்டார்கள், பிறகு மேசையில் சோதித்தார்கள். இதுதான் முறையான பதிவு.

கதையின் சுவையான பகுதி இனிமேல்தான். அந்த நான்கில் ஒன்றுக்கு எழுத்து ஒற்றுமை மிக நன்றாகவே இருந்தது. ஃபோலிக் அமிலம் செய்யும் வழியில் வரும் ஒரு நொதியைப் போலவே இருந்ததால், அந்த நொதியின் பெயரைச் சார்த்தியே அது அறியப்பட்டிருந்தது. 2005இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது அந்த வேலையை அது செய்யவில்லை. நைட்ரைல் என்ற வேதித் தொகுதியை அமீனாக மாற்றும் வேலையைச் செய்தது. உயிர்களில் அப்படி ஒரு வினை நடக்கிறது என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது! முத்துசாமியின் பெயர், முத்துசாமியின் முகச்சாயல். ஆனால் ஆள் வேறு, தொழில் வேறு. செக்குபந்தியைப் பார்த்திராவிட்டால் பழைய பெயரிலேயே காலம் ஓடியிருக்கும்.

நமக்கு நெருக்கமான இன்னொரு கதையும் உண்டு. 1998இல் பாஸ்தர் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் கோலும் இங்கிலாந்தின் சாங்கர் மையத்தாரும் சேர்ந்து காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். 44 லட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 4,000 மரபணுக்கள். 2001இல் அதே கூட்டணி தொழுநோய்க் கிருமியைப் படித்தது. அவர்கள் படித்த அந்தக் கிருமி வகையின் பெயர் டி.என். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்தது என்பதால் அந்தப் பெயர். உலகத்தின் தொழுநோய் ஆய்வெல்லாம் இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கும் மூலப்படி, பெயர் தெரியாத ஒரு தமிழ்நாட்டு நோயாளி தந்தது. இதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியாது. சுண்டெலியின் பாதத்திலோ ஆர்மடில்லோ என்ற விலங்கிலோதான் வளர்க்க வேண்டும். இரண்டாகப் பிளக்கவே அதற்கு இரண்டு வாரம் பிடிக்கிறது. மரபணுவை நீக்கிப் பார்ப்பது, திரும்பச் சேர்த்துப் பார்ப்பது எதுவும் எளிதில் நடக்காது. அதன் விஷயத்தில் ஒப்பிடுதலை விட்டால் கதியில்லை. காசநோய்க் கிருமியோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோது தெரிந்தது: தொழுநோய்க் கிருமி பாதிச் சொத்தை இழந்த குடும்பம். வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. எழுத்து சிதைந்து செத்துக் கிடப்பவை 1,100க்கு மேல். அப்படி எல்லாம் போன பிறகும் எதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதோ, அது அதற்கு உயிர்நாடி என்று பொருள்.

அப்படிப் பிடித்துக்கொண்டிருப்பவற்றில் ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரண்டு சிறு புரதங்களும், அவற்றைக் கிருமிக்கு வெளியே தள்ளும் ஏற்பாடும் உண்டு. இவற்றின் முக்கியத்துவம் வேறொரு ஒப்பீட்டில் வெளிப்பட்டது. கால்மெத், கெரேன் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் லீல் நகரத்தில், மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கிலும் மாட்டுப் பித்தநீரிலும் 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து வீரியம் குறைத்தார்கள். 1921இல் அது பி.சி.ஜி. தடுப்பு மருந்தாயிற்று. நம் தோளில் தழும்பாக இருப்பது அதுதான். ஏன் வீரியம் குறைந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. 1990களில் வீரியமுள்ள கிருமியின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டபோது, பி.சி.ஜி. வகைகள் எல்லாவற்றிலும் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்தத் துண்டில்தான் இந்த இரண்டு புரதங்களும் இருந்தன. பிறகு காசநோய்க் கிருமியிலிருந்து அதே துண்டை நீக்கிப் பார்த்தார்கள். அதன் வீரியமும் குறைந்தது.

இதனால் நடைமுறையில் என்ன பயன்? நம்மைப் போல எல்லோருக்கும் பி.சி.ஜி. போடும் நாட்டில் பழைய டியூபர்குலின் தோல் சோதனை குழப்பும். தடுப்பு ஊசி போட்டவருக்கும் தடிக்கும், கிருமி தொற்றியவருக்கும் தடிக்கும். பி.சி.ஜி.யில் இல்லாத, காசநோய்க் கிருமியில் இருக்கிற இந்த இரண்டு புரதங்களை வைத்துச் சோதித்தால் குழப்பம் தீர்கிறது. இன்றைய இரத்தச் சோதனையும் இந்தியாவில் வந்துள்ள புதிய தோல் சோதனையும் இந்த அடிப்படையில் அமைந்தவை. உலகக் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவர் இந்தியர். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று தெரியவந்தது. ஆகவே புதிய சோதனையும் புதிய மருந்தும் நமக்குத் தேவை. காசநோய்க் கிருமியின் பதிவேட்டில் ‘செயல் தெரியாது’ என்ற வரி எத்தனை இருக்கிறது என்பது நம் வீட்டு விவகாரம்.

இந்த இரண்டு புரதங்களைப் பற்றி இன்னும் ஒன்று. மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்ற, மண்ணில் வாழும் சாதுவான உறவினரிடமும் இதே ஏற்பாடு இருக்கிறது. அது யாருக்கும் காசநோய் தருவதில்லை. அங்கே இந்த ஏற்பாட்டுக்கு, ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு டி.என்.ஏ. மாற்றிக்கொள்வதில் தொடர்பு உண்டு. ஒரே கருவி, இரண்டு வீட்டில் இரண்டு உபயோகம். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டுக்கு அப்படியே எழுதிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். புதிய பாக்டீரியா ஒன்றைப் படித்தவுடன் கணினி அதன் ஒவ்வொரு மரபணுவுக்கும் பெயர் சூட்டிவிடுகிறது. எதை வைத்து? ஏற்கெனவே பெயர் உள்ள இன்னொன்றோடு ஒப்பிட்டு. அந்த இன்னொன்றுக்கு எப்படிப் பெயர் வந்தது? அதற்கு முந்திய ஒன்றை வைத்து. இப்படியே பின்னோக்கிப் போனால், எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் சோதனைக் குழாயில் உண்மையாகவே பார்த்தது இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அலுவலகத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த நோய். பழைய பதிவேட்டில் ஒரு வரியில் பிழை. அதைப் பார்த்துப் புதிய பதிவேடு. அதைப் பார்த்துக் கணினிப் பதிவு. மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது, ஆகவே சரி என்பார்கள். மூன்று சாட்சி அல்ல ஐயா, ஒரே சாட்சி மூன்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது!

இது என் கற்பனைப் பயம் இல்லை. 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள், வேலை நன்றாகத் தெரிந்த 37 நொதிக் குடும்பங்களை எடுத்துக்கொண்டு நான்கு பெரிய தரவுத்தளங்களைச் சோதித்தார்கள். மனிதர்கள் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் சுவிஸ்-புரோட் என்ற பதிவேட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பிழை ஏறக்குறைய இல்லை. மற்ற மூன்றிலும் பிழை மலிந்திருந்தது. சில குடும்பத் தொகுதிகளில் பாதிக்கு மேலும் தவறு.

சுவிஸ்-புரோட் 1986இல் ஜெனிவாவில் அமோஸ் பைரோக் என்ற இளைஞர் தொடங்கியது. பத்தே ஆண்டில், 1996இல், அதற்குப் பணம் கொடுக்க ஆளில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. உலக ஆய்வாளர்கள் குரல் கொடுத்ததால் பிழைத்தது. இன்று அது யூனிபுரோட் என்ற பெரிய பதிவேட்டின் ஒரு பகுதி. மனிதர் சரிபார்த்த பதிவுகள் அதில் சுமார் 5,70,000. கணினி தானே பெயரிட்டவை இருபது கோடி அளவில். நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு கையெழுத்துகளின் விகிதம் இதுதான்.

நியாயமாகப் பேச வேண்டும். இந்தப் பதிவேடுகளை நடத்துபவர்கள் அசட்டையானவர்கள் அல்ல. ஒவ்வொரு செயலுக்கும் எதிரே, இது சோதனையில் கண்டதா, கணினி ஊகமா என்று குறிக்கும் ஆதாரக் குறியீட்டு முறையே வைத்திருக்கிறார்கள். குறைப்பாடு எங்கே என்றால், எடுத்துப் பயன்படுத்துபவர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆதாரத்தை விட்டுவிடுகிறார்கள். ‘இருக்கலாம்’ என்ற சொல் ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் ‘ஆகும்’ என்று முடிகிறது. கோப்பில் ‘விசாரிக்கலாம்’ என்று எழுதியது, மேலே போகப் போக ‘விசாரிக்கப்பட்டது’ ஆவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இனி செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அதுவே எல்லாம் சொல்லிவிடுமே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். ஆல்ஃபாஃபோல்ட் இருபது கோடிப் புரதங்களின் வடிவத்தைக் கணித்துக் கொடுத்திருக்கிறது. 2024இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. மகத்தான காரியம், மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன அந்தக் கியூவோசின் நொதியை நினைத்துப் பாருங்கள். அதன் வடிவம் ஃபோலிக் அமில வழி நொதியின் வடிவத்தையே சேர்ந்தது. வடிவம் ஒன்று, வேலை வேறு. வடிவத்தை மட்டும் பார்த்திருந்தால் அதே தவறு இன்னும் அதிக நம்பிக்கையோடு எழுதப்பட்டிருக்கும். இயந்திரமும் பழைய பதிவேட்டைப் படித்துத்தான் கற்கிறது. பதிவேட்டில் இருக்கும் பிழையை அது எங்கே போய்த் திருத்தும்?

பாஸ்தர் நிறுவனத்தில் இருந்த அந்துவான் தான்ஷேன் 1998இல் எழுதிய ‘தெல்ஃபியின் படகு’ என்ற நூலை பிரெஞ்சில் படித்திருக்கிறேன். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்த ஒரு படகு அதே படகுதானா என்ற பழைய கேள்வியை அவர் எடுத்துக்கொள்கிறார். படகைப் படகாக்குவது பலகைகளுக்குள் இருக்கும் உறவு என்பது அவர் கருத்து. மரபணுக்களும் அப்படி. தனியாக ஒரு மரபணுவை எடுத்து ‘இது என்ன?’ என்று கேட்பதைவிட, ‘இது யாரோடு இருக்கிறது?’ என்று கேட்பது பல நேரம் நல்ல விடை தருகிறது. ஒப்பிடுதலின் பெருமை இது. என் கட்சி ஒப்பிடுதலுக்கு எதிரானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அரைகுறையாக ஒப்பிட்டுவிட்டு முழுக் கையெழுத்துப் போடுவதற்குத்தான் எதிரானது.

என்ன செய்யலாம் என்பதற்கு எனக்குத் தோன்றும் மூன்று யோசனைகள்.

ஒன்று, தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவது. காலியாக உள்ள கட்டம் நாளைக்கு ஒருவரைத் தேடத் தூண்டும். பொய்யாக நிரப்பிய கட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கியூவோசின் வழியில் இடைவெளி இருப்பது தெரிந்திருந்ததால்தான் அதைத் தேடிப் போனார்கள்.

இரண்டு, சரிபார்ப்பவருக்குச் சம்பளம். புதிய மரபணுத் தொகுதியைப் படித்தால் செய்தி வரும், புகைப்படம் வரும். பழைய பதிவில் ஒரு பிழையைத் திருத்தியவருக்கு என்ன வரும்? அந்த வேலை ஆய்வு அல்ல, எழுத்தர் வேலை என்ற அலட்சியம் அறிவியலிலும் இருக்கிறது. எழுத்தர் வேலையில் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் இருந்தவன் சொல்கிறேன்: பதிவேடு சாய்ந்தால் அதன்மேல் கட்டிய எல்லாம் சாயும். ஆய்வுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, பதிவைக் காப்பதற்கும் மேசையில் சோதித்துப் பார்ப்பதற்கும் என்று தனியாகக் கட்டாயம் ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்று, நம் கல்லூரிப் பிள்ளைகள். இந்த மரபணுத் தொகுதிகளும் ஒப்பிடும் நிரல்களும் இணையத்தில் இலவசம். ஒரு கணினியும் பொறுமையும் போதும். இதை நம் நாடு ஒருமுறை செய்தும் காட்டியிருக்கிறது. 2008இல் மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் திறந்த முறை மருந்துத் தேடல் என்று ஒரு திட்டம் தொடங்கியது. அதன் கீழ் 2010 வாக்கில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் இணையம் வழியே கூடி, காசநோய்க் கிருமியின் ஏறத்தாழ 4,000 மரபணுக்களுக்கும் அதுவரை வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மறுபதிவு எழுதினார்கள். இரண்டாவது கையெழுத்துப் போடும் வேலைக்கு இதைவிடப் பெரிய பயிற்சிக்கூடம் வேண்டுமா? பி.எஸ்சி. உயிரியல் படிக்கும் ஒவ்வொரு மாணவருக்கும், செயல் தெரியாத ஒரு புரதம் என்று கணக்கு வைத்து ஒப்படையுங்கள். அதன் எழுத்து ஒற்றுமை, செக்குபந்தி, வருகைப் பதிவேடு மூன்றையும் பார்த்து, ஆதாரத்தோடு ஒரு பக்கம் எழுதட்டும். நூறு பேரில் ஒருவருடைய ஊகம் சோதனைவரை போனாலும் லாபம். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் ஒன்றை ‘ஆகும்’ என்று எழுதுவதற்கு முன்னால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கற்றிருப்பார்கள். அது நஷ்டக் கணக்கு இல்லை.

தொழுநோய்க் கிருமியில் வேலை தெரியாத மரபணுக்கள் இன்னும் கிடக்கின்றன. அந்த டி.என். கிருமியைத் தந்தவர் எந்த ஊர், ஆணா பெண்ணா என்று எதுவும் எனக்குத் தெரியாது. அவர் உடம்பிலிருந்து எடுத்ததைப் படித்து முடித்தாயிற்று. சரியாகப் புரிந்துகொண்டு, புரிந்ததை மட்டும் எழுதிவைப்பது நாம் அவருக்குப் பட்ட கடன்.